பாஸ்போர்ட் கிடைத்தால் சம்பளம் உயருமா?

சுவிட்சர்லாந்தில் குடியுரிமை வேண்டுமென்றால் பொதுவாக வசிக்கும் ஊரும் சம்மதிக்க வேண்டும். 2003 வரை சில ஊர்களில் இதற்கு ரகசிய வாக்கெடுப்பே நடந்தது. விண்ணப்பித்தவரின் வயது, பிறந்த நாடு, தொழில், எத்தனை ஆண்டுகளாக அங்கே வசிக்கிறார் என்ற விவரங்களை அச்சடித்து வீடுவீடாக அனுப்பினார்கள். அதைப் படித்துவிட்டு ஊர்மக்கள் வாக்களித்தார்கள். லூசெர்ன் அருகிலுள்ள எம்மெனில் 2000 மார்ச்சில் 56 பேருக்கு வாக்கெடுப்பு நடந்தது. தேறியவர்கள் 8 பேர்; எல்லோரும் இத்தாலியர்கள். தள்ளப்பட்டவர்களில் பெரும்பாலோர் முன்னாள் யூகோஸ்லாவியாவிலிருந்து வந்தவர்கள். இந்த முறை அரசியல் சாசனத்துக்கு விரோதமானது என்று 2003 ஜூலையில் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

அப்பட்டமான அநீதிதான். ஆனால், நெடுநாள் கேள்வி ஒன்றுக்கு அதிலிருந்தே விடை கிடைத்தது. குடியுரிமை பெற்றவர்கள் கூடுதலாகச் சம்பாதிக்கிறார்கள் என்றால், ‘திறமைசாலிகள்தானே விண்ணப்பிக்கிறார்கள்’ என்று எளிதாக மறுத்துவிடலாம். இங்கே அது எடுபடாது. ஒரு சில வாக்குகளில் தேறியவருக்கும் ஒரு சில வாக்குகளில் தோற்றவருக்கும் மற்றபடி பெரிய வித்தியாசம் கிடையாது. இப்படிப்பட்டவர்களின் வருமானப் பதிவுகளை ஹைன்முல்லர், ஹங்கார்ட்னர், வார்ட் ஆகிய மூன்று ஆய்வாளர்கள் ஒப்பிட்டு, 2019இல் முடிவை வெளியிட்டார்கள். தேறியவர்கள் அடுத்த 15 ஆண்டுகளில், ஆண்டுக்குச் சராசரியாகச் சுமார் 5,000 டாலர் அதிகம் சம்பாதித்திருந்தார்கள். அந்த உயர்வு பெரும்பாலும் குறைந்த சம்பளக்காரர்களுக்கும், பாகுபாட்டை அதிகம் சந்தித்த சமூகத்தினருக்குமே போய்ச் சேர்ந்திருந்தது.

நிரந்தர வசிப்பு அனுமதி உள்ளவர் ஏற்கெனவே சட்டப்படி வேலை பார்க்கலாம். பிறகு எப்படிச் சம்பளம் கூடியது? வேலை கொடுப்பவரின் பார்வை மாறுவது ஒரு காரணமாக இருக்கலாம். ‘இவர் இங்கேயே இருப்பாரா?’ என்ற சந்தேகம் போய்விடுகிறது. தொழிலாளியும் மொழி படிக்க, தொழிற்பயிற்சி பெற, கடை போடத் துணிகிறார். 1980களிலிருந்து அங்கே போய், உணவக அடுக்களைகளிலும் துப்புரவு வேலைகளிலும் வாழ்க்கையைத் தொடங்கிய ஈழத் தமிழர்களுக்கு இதை விளக்கவே வேண்டியதில்லை.

வருமானம் கூடினால் வரியும் கூடும், ஓய்வூதிய நிதிக்குப் போகும் பணமும் கூடும். குடியுரிமையைக் கொடுப்பதால் கஜானாவுக்கு நட்டம் என்ற வாதம் இங்கே நிற்கவில்லை.

ஜெர்மனி 2024இல் குடியுரிமைக்கான காத்திருப்பை 8 ஆண்டுகளிலிருந்து 5 ஆகக் குறைத்தது. சுவிட்சர்லாந்தில் இன்னமும் 10 ஆண்டுகள் காத்திருக்க வேண்டும். தன் மண்ணிலேயே இவ்வளவு தெளிவான சான்று கிடைத்த நாடு அதைக் குறைக்காமல் இருப்பது நியாயமில்லை.