பெட்டியில்லாப் புதையல்: ரேஸ்டிராக் பிளாயாவில் ஜியோகேச்சிங்

ஒருவர் எங்கோ ஒரு பெட்டியை ஒளித்துவைத்து, அந்த இடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகை எண்களை இணையத்தில் அறிவிப்பார், மற்றவர்கள் ஜி.பி.எஸ். கருவியோடு போய்த் தேடிக் கண்டுபிடிப்பார்கள். இதுதான் ஜியோகேச்சிங். பெட்டிக்குள் ஒரு சிறு குறிப்பேடு இருக்கும். கண்டெடுத்தவர் பெயரும் தேதியும் எழுதிவிட்டுப் பெட்டியை இருந்த இடத்திலேயே வைத்துவிட வேண்டும். உள்ளே பொம்மை, சாவிக்கொத்து போன்றவை கிடந்தால், ஒன்றை எடுத்துக்கொண்டு ஈடாக வேறொன்றைப் போடலாம்.

இந்த விளையாட்டு பிறப்பதற்கு முன், பொதுமக்களுக்கான ஜி.பி.எஸ். குறிகையில் அமெரிக்க அரசு வேண்டுமென்றே பிழையைக் கலந்து வந்தது. அதனால் கருவி காட்டும் இடம் சுமார் 100 மீட்டர் வரை விலகிப்போகும். 2000 மே 2 அன்று அந்தக் கலப்பு நிறுத்தப்பட்டது. மறுநாளே டேவ் அல்மர் என்பவர் ஓரிகன் மாநிலத்தின் பீவர்கிரீக் அருகே ஒரு பிளாஸ்டிக் வாளியைப் பாதி புதைத்துவைத்து எண்களை வெளியிட்டார். வாளிக்குள் புத்தகங்களோடு ஒரு டப்பா பீன்ஸும் இருந்தது. மூன்றே நாளில் அதைக் கண்டுபிடித்துவிட்டார்கள்.

இந்த விளையாட்டில் இடத்தை டிகிரியாகவும் நிமிடமாகவும், நிமிடத்தின் மூன்று தசம இலக்கம் வரையும் குறிப்பார்கள். அட்சரேகையில் ஒரு நிமிடத்தின் ஆயிரத்தில் ஒரு பங்கு என்பது தரையில் சுமார் 1.85 மீட்டர். கருவியின் பிழையோ சாதாரணமாகவே சில மீட்டர் இருக்கும். செங்குத்துப் பாறைகளுக்கு நடுவே குறிகை எதிரொலித்து வருவதால் பிழை இன்னும் கூடும். எனவே கடைசிச் சில மீட்டருக்குக் கண்ணைத்தான் நம்ப வேண்டும். ஒவ்வொரு பதிவுக்கும் தேடும் சிரமம் எவ்வளவு, போய்ச்சேரும் சிரமம் எவ்வளவு என்று 1 முதல் 5 வரை தனித்தனியே மதிப்பெண் உண்டு. தொலைவான இடங்களில் இரண்டாவது எண்ணைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

கலிபோர்னியாவின் டெத் வேலி தேசியப் பூங்காவில் உள்ள ரேஸ்டிராக் பிளாயா இதற்கு நல்ல உதாரணம். கடல்மட்டத்திலிருந்து சுமார் 1,130 மீட்டர் உயரத்தில், மலைகளுக்கிடையே, நாலரை கிலோமீட்டர் நீளத்துக்குக் கிடக்கும் வறண்ட ஏரிப்படுகை அது. யூபிஹீபி எரிமலைவாயில் தார்ச்சாலை முடிகிறது. அங்கிருந்து சுமார் 43 கிலோமீட்டர் சரளைப் பாதை. வரிவரியாக மேடும் பள்ளமுமாகக் கிடக்கும் அந்தப் பாதையைக் கடக்க இரண்டு மணி நேரம் பிடிக்கும். கூரிய கற்கள் டயரைக் கிழித்துவிடும். கைப்பேசிக்குச் சிக்னல் கிடைக்காது. வழியில் டீக்கெட்டில் சந்திப்பு என்ற இடத்தில், பயணிகள் மாட்டிவிட்டுப் போன கெண்டிகள் பெயர்ப்பலகையில் தொங்குகின்றன.

செயற்கைக்கோள் சொல்வது நிற்கும் இடத்தை மட்டும்தான். வழியைக் காட்டுவது கருவியில் ஏற்றப்பட்ட வரைபடம். அது பழசாகவோ தவறாகவோ இருக்கலாம். இப்பூங்காவில் கருவி சொன்ன பாதையை நம்பிப் பாலைவனத்தில் சிக்கி உயிரிழந்தவர்களும் உண்டு. காகித வரைபடம் இங்கே இன்னும் வழக்கொழியவில்லை.

அமெரிக்கத் தேசியப் பூங்காக்களில் அனுமதியின்றிப் பெட்டி வைக்கக் கூடாது. அதற்கு மாற்றாக 2004-இல் வந்தது எர்த்கேச் என்ற வகை. அமெரிக்க நிலவியல் கழகத்தின் ஆதரவோடு தொடங்கியது. இதில் பெட்டியே கிடையாது. குறித்த இடத்துக்குப் போய் நிலத்தை உற்றுப் பார்த்து, பாறை, படிவு பற்றிய கேள்விகளுக்குப் பதில் அனுப்ப வேண்டும். பீன்ஸ் டப்பாவைவிட இது மேலான பரிசு என்றே சொல்லலாம்.

ரேஸ்டிராக்கில் பார்ப்பதற்கு அப்படியொரு விஷயம் இருக்கிறது. வெடித்துக் காய்ந்த களிமண் தரையில் கற்கள் கிடக்கின்றன. ஒவ்வொன்றின் பின்னாலும் அது நகர்ந்துவந்த தடம் நீள்கிறது. சில கற்களின் எடை 300 கிலோவைத் தாண்டும். யார் நகர்த்தியது என்பது பல பத்தாண்டுகள் புதிராகவே இருந்தது. ஆய்வாளர்களான ரிச்சர்ட் நோரிஸும் ஜேம்ஸ் நோரிஸும் கற்களில் ஜி.பி.எஸ். கருவி பொருத்திக் காத்திருந்து, 2013 டிசம்பரில் அவை நகர்வதை நேரிலேயே பார்த்தார்கள். குளிர்கால மழையில் படுகையில் ஆழமின்றி நீர் தேங்குகிறது. இரவில் அது சில மில்லிமீட்டர் கனமுள்ள பனிக்கட்டித் தகடாக உறைகிறது. காலை வெயிலில் தகடு உடைந்து, இளங்காற்றில் மிதந்து வந்து கல்லைத் தள்ளுகிறது. வேகம் நிமிடத்துக்கு 2 முதல் 5 மீட்டர்தான் என்பதால் தொலைவிலிருந்து பார்ப்பவருக்கு அசைவே தெரியாது. முடிவுகள் 2014-இல் வெளியாயின.

கல்லை எடுப்பதும் இடம் மாற்றுவதும், படுகைமேல் வண்டி ஓட்டுவதும் குற்றம். ஈரமான களிமண்ணில் பதியும் காலடி பல ஆண்டுகள் அழியாது. ஆகவே தரை ஈரமாக இருக்கும்போது போய்ச்சேர்ந்தவர்கள், எர்த்கேச் கேள்விகளுக்கு விடைகள் கிடைக்காவிட்டாலும், கரையோரம் நின்று பார்த்துவிட்டுத் திரும்ப வேண்டும்.