பலகையைப் பார்க்காமலே 40 பேருடன் செஸ்! குடும்பத்தைத் தேடி ஆடிய போலந்து வீரர்

ஒரே நேரத்தில் 2 பேருடன் செஸ் ஆடினாலே தலை சுற்றும். 40 பேருடன், அதுவும் ஒரு பலகையைக்கூட கண்ணால் பார்க்காமல் ஆடினால்?

ஆடிக்காட்டினார் மிகுவல் நைடார்ப். பரிசுக்காக அல்ல. பிரிந்துபோன பெண்டாட்டி, பிள்ளைக்கு "நான் உயிரோடுதான் இருக்கேன்" என்று சேதி சொல்ல!

கப்பல் ஏறினார்

1910-ல் போலந்து நாட்டில், வார்சா நகருக்குப் பக்கத்தில் பிறந்தவர் இவர். யூதர். 1939-ல் அர்ஜென்டினா தலைநகர் பியூனஸ் அயர்சில் செஸ் ஒலிம்பியாட் நடந்தது. போலந்து அணியுடன் கப்பல் ஏறினார். வயது 29. மனைவியும் குழந்தையும் ஊரில்.

போட்டி நடந்துகொண்டிருக்கும்போதே, செப்டம்பர் 1-ந்தேதி ஹிட்லர் படை போலந்துக்குள் புகுந்தது. இங்கிலாந்து அணி பாதியிலேயே மூட்டை கட்டியது. கடைசியில் ஜெர்மனி முதலிடம். அரைப் புள்ளி வித்தியாசத்தில் போலந்து 2-வது இடம்.

திரும்பிப் போக ஊர் ஏது? நைடார்ப் அங்கேயே தங்கிவிட்டார்.

1,280 காய்கள்

உலக சாதனை செய்தால் பேப்பரில் பெயர் வரும். வீட்டார் யாராவது பார்க்கமாட்டார்களா? இதுதான் அவர் போட்ட கணக்கு.

1943-ல் ரொசாரியோ நகரில் களம் இறங்கினார். எதிராளி நகர்த்துவதை ஒருவர் வாயால் சொல்வார். இவர் பதில் சொல்வார். அவ்வளவுதான். 40 பலகை, 1,280 காய்கள், எல்லாம் மனசுக்குள்ளேயே! 36 பேரைத் தோற்கடித்தார்.

பேப்பரில் பெயர் வந்தது. பார்க்கவேண்டியவர்கள்தான் வரவில்லை. மனைவி, குழந்தை, பெற்றோர், 4 சகோதரர்கள் அத்தனை பேரையும் நாஜிகள் கொன்றுவிட்டார்கள்.

மறுபடி சாதனை

மனிதர் ஒடிந்துபோகவில்லை. 1944-ல் அர்ஜென்டினா குடிமகன் ஆனார். 1947-ல் பிரேசில் நாட்டின் சாவ்பாலோ நகரில் 45 பேருடன் ஆடினார். 23 மணி நேரத்துக்கு மேல் ஆட்டம். 39 வெற்றி, 4 டிரா, 2 தோல்வி! மறுமணம் செய்து 2 மகள்களுக்குத் தகப்பன் ஆனார். இன்சூரன்ஸ் தொழிலில் பணம் சேர்ந்தது. 1950-ல் கிராண்ட் மாஸ்டர் பட்டம்.

சிசிலியன் தற்காப்பு ஆட்டத்தில், 5-வது நகர்த்தலில் ஓரத்துச் சிப்பாயை ஒரே ஒரு கட்டம் தள்ளும் முறைக்கு இவர் பெயர்தான். பாபி பிஷரும் காஸ்பரோவும் இதை வைத்தே பலரை மடக்கினார்கள்.

1997-ல் ஸ்பெயினில் நைடார்ப் இறந்தார். வயது 87. அவருடைய 45 பேர் சாதனையை 2011-ல்தான் 46 பேருடன் ஆடி முறியடித்தார், மார்க் லாங். அவர் ஜெர்மனிக்காரர்!