காருக்கு மெருகேற்றும் பேட்

சமயபுரத்தில் வண்டிப் பூசை முடிந்ததும், புழுதி படிந்த காரை உலர்ந்த துணியால் துடைப்பது நம் வழக்கம். புழுதியிலுள்ள மணல் போடும் கீறல்கள் வெயிலில் சிலந்தி வலைபோலத் தெரியும்.

இயந்திரத்தால் மெருகேற்றுவது கீறலை மறைப்பதன்று. நிறமற்ற மேற்பூச்சைச் சிறிது தேய்த்தெடுப்பதாகும். அப்பூச்சின் தடிமன் பெரும்பாலும் ஏறத்தாழ 50 மைக்ரான்தான்.

கடினமான பூச்சையும் கம்பளி பேட் விரைந்து அறுக்கும். ஆனால் மங்கலான தடம் விடும். கெட்டியான ஸ்பாஞ்சு அதனினும் மெதுவாக அறுக்கும். மென்மையான ஸ்பாஞ்சு மிகச் சிறிதே அறுத்துப் பளபளப்பைத் தரும்.

எனவே, முதலில் ஓரடி இடத்தில் மென்மையானதைச் சோதித்து, கீறல் போகாவிடில் மட்டும் படிப்படியாக வலியதற்குச் செல்லவேண்டும். முடிவில் மீண்டும் மென்மையானதால் மெருகிடவேண்டும். விளிம்புகளில் பூச்சு விரைவில் தேயும். அங்கே எச்சரிக்கை தேவை.

தேய்ந்த பூச்சு மீளாது. ஆதலால், நண்பர்களே, அடுத்த முறை துணியை எடுக்குமுன் தண்ணீர் ஊற்றிக் கழுவுங்கள்!