பள்ளி வாசலில் இருந்து 50 மீட்டர்: கேன்டீன் உணவுக்கான விதிமுறைகள் சொல்வது என்ன?

நவி மும்பை: ஐரோலி போன்ற பகுதிகளில் தாய், தந்தை இருவருமே காலையில் பணிக்குப் புறப்பட்டுவிடும் வீடுகளில், பிள்ளையின் கையில் கொடுக்கப்படும் பத்து, இருபது ரூபாயே பள்ளி இடைவேளைச் சிற்றுண்டியைத் தீர்மானிக்கிறது. அந்தப் பணத்துக்குப் பள்ளி கேன்டீனில் எதை விற்கலாம், எதை விற்கக் கூடாது என்பதற்கு மாநில அளவிலும் தேசிய அளவிலும் விதிமுறைகள் உள்ளன.

மாநில அரசாணை

மகாராஷ்டிர அரசு 2017 மே மாதம் பிறப்பித்த அரசாணை, உருளைக்கிழங்கு சிப்ஸ், நூடுல்ஸ், பீட்சா, பர்கர், கேக், பிஸ்கட், கார்பனேற்றப்பட்ட குளிர்பானங்கள் உள்ளிட்டவற்றைப் பள்ளி கேன்டீன்களில் விற்கத் தடை விதித்தது. அவற்றுக்குப் பதிலாகச் சப்பாத்தி, சாதம், புலாவ், பருப்பு, ராஜ்மா, இட்லி, வடை, உப்புமா, பாயசம், இளநீர் போன்றவை பரிந்துரைக்கப்பட்டன.

தேசிய விதிமுறை

இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தரநிர்ணய ஆணையம் 2020 செப்டம்பரில் அறிவித்த ஒழுங்குமுறைகள் 2021 ஜூலை 1 முதல் அமலுக்கு வந்தன. நிறைவுற்ற கொழுப்பு, டிரான்ஸ் கொழுப்பு, கூடுதலாகச் சேர்க்கப்பட்ட சர்க்கரை, சோடியம் ஆகியவை மிகுந்த உணவுகளைப் பள்ளி வளாகத்துக்குள் மட்டுமின்றி, பள்ளி வாசலில் இருந்து எத்திசையிலும் 50 மீட்டர் தூரத்துக்குள் விற்கக் கூடாது என்று அவை கூறுகின்றன. அத்தகைய உணவுகளை அந்த எல்லைக்குள் விளம்பரப்படுத்துவதற்கும், மாணவர்களுக்கு இலவசமாக வழங்குவதற்கும் அனுமதி இல்லை. கேன்டீனைப் பள்ளியே நடத்தினாலும், ஒப்பந்ததாரர் நடத்தினாலும், உணவு வணிகத்துக்கான பதிவு அல்லது உரிமம் கட்டாயம்.

கணக்கு என்ன?

மத்திய இடைநிலைக் கல்வி வாரியம் 2025 மே மாதம் பள்ளிகளுக்கு அனுப்பிய சுற்றறிக்கையின்படி, 4 முதல் 10 வயதுக் குழந்தைகள் பெறும் கலோரிகளில் 13 சதவீதம் சர்க்கரையில் இருந்து வருகிறது. பரிந்துரைக்கப்பட்ட அளவோ 5 சதவீதம்தான். நாளொன்றுக்குச் சுமார் 1,700 கலோரி தேவைப்படும் எட்டு வயதுக் குழந்தைக்கு இது ஏறத்தாழ 21 கிராம், அதாவது நான்கு தேக்கரண்டி சர்க்கரை. 250 மில்லி கோலா பானத்தில் பொதுவாக 25 கிராமுக்கும் அதிகமான சர்க்கரை இருப்பதால், ஒரே பாட்டிலில் அன்றைய அளவு கடந்துவிடுகிறது. இதை மாணவர்கள் அறிந்துகொள்ளும் வகையில் 'சர்க்கரை பலகை' வைக்குமாறு வாரியம் பள்ளிகளைக் கேட்டுக்கொண்டது.

தடை மட்டும் போதுமா?

கேன்டீனில் சிப்ஸை அகற்றிவிட்டு, அதே விலையில் சுவையான மாற்று உணவை வைக்காவிட்டால், பிள்ளைகளின் கால்கள் வாசலுக்கு வெளியே உள்ள கடையை நோக்கியே செல்லும். பரிந்துரைப் பட்டியலில் இருப்பதாலேயே ஓர் உணவு நல்லதாகிவிடாது என்பதும் கவனிக்கத்தக்கது. வடையின் எண்ணெயும் பாயசத்தின் சர்க்கரையும் அளவு மீறினால், பட்டியலின் நோக்கமே வீணாகும். ஆவியில் வேகும் இட்லி, காய்கறி சேர்த்த உப்புமா, சுண்டல், வாழைப்பழம் ஆகியவை குறைந்த செலவில் தயாரிக்கக் கூடியவை அல்லது எளிதில் கிடைப்பவை.

பெற்றோர் செய்யக் கூடியது

பெற்றோர்-ஆசிரியர் கூட்டத்தில் மூன்று விவரங்களைக் கேட்கலாம்: கேன்டீனின் வாராந்திர உணவுப் பட்டியல், அதை நடத்துபவரின் பதிவு அல்லது உரிம எண், 50 மீட்டர் எல்லையைக் கண்காணிக்கும் பொறுப்பாளர் யார் என்பது. விதிமுறைகள் ஏற்கெனவே உள்ளன. அவை பிள்ளைகளின் தட்டுவரை வந்து சேர்கின்றனவா என்பதை இந்தக் கேள்விகளே வெளிப்படுத்தும்.