பழைய நேரம், புதிய நேரம்: திருகோணமலை முதியவர்களின் மணிக்கூடு

2006 ஏப்ரல் 15ஆம் திகதி அதிகாலையில் இலங்கையின் மணிக்கூடுகள் அரை மணித்தியாலம் பின்னுக்கு நகர்த்தப்பட்டன. திருகோணமலை நகரிலும் அப்படித்தான். ஆனால் துறைமுகத்துக்கு அக்கரையில், சம்பூரிலும் ஈச்சிலம்பற்றிலும், மணிக்கூட்டில் கை வைக்க வேண்டிய தேவை இருக்கவில்லை. அங்கே அது பத்து வருடமாக அந்த நேரமாகத்தான் இருந்தது.

1996இல் மழை பொய்த்து நீர்மின் நிலையங்கள் வற்றியபோது, மின்சாரத்தை மிச்சம் பிடிப்பதற்காக அரசாங்கம் மே 25ஆம் திகதி நேரத்தை ஒரு மணித்தியாலம் முன்னுக்குத் தள்ளியது. சூரியன் மணிக்கூட்டில் ஏழு மணியை நெருங்கும்போதுதான் எழும்பியது. ஒக்டோபர் 26இல் அதில் அரை மணித்தியாலத்தைக் குறைத்தார்கள். மீதி அரை மணித்தியாலம் 2006 வரை நீடித்தது. விடுதலைப் புலிகள் இந்த மாற்றத்தை ஏற்கவில்லை. அவர்களது கட்டுப்பாட்டுப் பகுதிகளில் பழைய நேரமே ஓடியது. ஆகவே ஒரே மாவட்டத்துக்குள் இரண்டு நேரம். மூதூர் கிழக்கில் இருந்து கட்டைபறிச்சான் சோதனைச்சாவடி தாண்டி, மூதூரில் வள்ளம் ஏறி, நகரத்துக் கந்தோருக்கோ ஆஸ்பத்திரிக்கோ வருகிற ஒருவர், "பத்து மணிக்கு வாங்க" என்று சொன்னால் "எந்தப் பத்து?" என்று திருப்பிக் கேட்க வேண்டியிருந்தது.

அந்தக் காலத்தில் குடும்பத்தைச் சுமந்து திரிந்தவர்கள்தான் இன்று எழுபதைத் தாண்டியவர்கள். இதை ஏன் இப்போது சொல்கிறேன் என்றால், இன்று பாண் வண்டி ஓட்டுகிறவர், மீன் பெட்டி கட்டிய மோட்டார் சைக்கிளில் திரிகிறவர், சலூன் வைத்திருப்பவர், ஓட்டோக்காரர் எல்லோரிடமும் ஒரே முறைப்பாடு இருக்கிறது. "ஐயா முந்தி விடிய ஆறு மணிக்கே வருவார், இப்ப பதினொரு மணிக்கு வாறார். அம்மா போன மாதம் வரைக்கும் கேற்றடியில் நிண்டவ, இப்ப கூப்பிட்டாலும் வெளியில வாறா இல்லை." வயது போனால் இப்படித்தான் என்று சொல்லி அடுத்த வீட்டுக்குப் போய்விடுகிறார்கள்.

அது பிழையான கணிப்பு என்பது என் எண்ணம். முதியவர் ஒருவரின் நாள் அவர் கையில் இல்லை. குளிசை, கிளினிக், வெளிநாட்டுத் தொலைபேசி, கொடுப்பனவு நாள், பழைய பயம் என்று பல மணிக்கூடுகளோடு அது கட்டப்பட்டிருக்கிறது. அதில் ஒன்று மாறினால் கடைக்கு வரும் நேரமும் மாறும். 2012 குடிசனக் கணக்கெடுப்பில் இலங்கையில் 60 வயதைக் கடந்தவர்கள் 12.4 சதவீதம். அதன் பிறகு அந்த விகிதம் ஏறித்தான் வருகிறது. போரில் பிள்ளைகளை இழந்தவர்களும், பிள்ளைகளை வெளிநாட்டுக்கு அனுப்பிவிட்டுத் தனியே இருப்பவர்களும் அதிகமுள்ள நமது ஊர்களில், ஒரு நாளில் அந்த வீட்டுக் கதவைத் தட்டும் ஒரே ஆள் பாண்காரராக இருக்கலாம்.

கிளினிக் கொப்பியில் இருக்கும் பதில்

பாதி மர்மம் கிளினிக் கொப்பியைத் திறந்தால் தீர்ந்துவிடும்.

இதய நோய், கால் வீக்கம் உள்ளவர்களுக்கு ஃபுரோசமைட் என்ற குளிசை கொடுப்பார்கள். சனங்கள் அதைச் "சலம் போற குளிசை" என்பார்கள். விழுங்கி ஒரு மணித்தியாலத்துக்குள் அது வேலையைத் தொடங்கி, ஏறத்தாழ ஆறு மணித்தியாலம் நீடிக்கும். காலை ஏழு மணிக்குப் போட்டவர் மதியம் வரை கழிப்பறைக்குக் கிட்ட இருக்க வேண்டும். இவரை ஒன்பது மணிக்கு ஓட்டோவில் ஏற்றி, வங்கி வரிசையில் நிற்க வைப்பது கொடுமை. வெட்கத்தில் அவர் காரணத்தையும் சொல்லமாட்டார். "இண்டைக்கு ஏலாது தம்பி" என்பார். சிலர் வெளியே போகும் நாளில் குளிசையையே விட்டுவிடுகிறார்கள். அது இன்னும் ஆபத்து. குளிசை போடும் நேரத்தை மாற்றலாமா என்று கிளினிக் வைத்தியரிடம் கேட்கலாம். தாமாக நிறுத்தக் கூடாது. சவாரியை இரண்டு மணிக்குப் பிறகு வைத்துக்கொள்வது ஓட்டோக்காரர் செய்யக்கூடிய சின்ன உதவி.

நீரிழிவுக் குளிசையின் கதை வேறு. கிளிக்லசைட் போன்றவை உணவோடு எடுக்க வேண்டியவை. விடிய எழும்பிப் பழக்கப்பட்ட ஆச்சி குளிசையை விழுங்கிவிட்டுப் பாண் வண்டியின் பாட்டுக்காகக் காத்திருக்கிறா என்று வைத்துக்கொள்வோம். வழக்கமாக ஆறரைக்கு வரும் வண்டி, புதிதாகப் பிடித்த ஒரு வீதியால் சுற்றிக்கொண்டு எட்டு மணிக்கு வருகிறது. இடையில் அவவின் சீனி இறங்கிவிடலாம். வியர்வை, நடுக்கம், தடுமாற்றம் என்று அது தொடங்கும். வயதானவர்களிடம் சில வேளை இவை எதுவுமே தெரியாது. காரணமில்லாத கோபமாகவோ, தூக்கமாகவோ, பேச்சுக் குழறலாகவோ மட்டும் இருக்கும். நினைவோடு விழுங்கக்கூடிய நிலையில் இருந்தால் மூன்று நான்கு தேக்கரண்டி சீனி கரைத்த தண்ணீரோ தேநீரோ உடனே கொடுக்கலாம். நினைவில்லை என்றால் வாயில் எதையும் ஊற்றக் கூடாது. 1990 அம்புலன்ஸை அழைக்க வேண்டும். பாண் கைக்கு வந்த பிறகு குளிசையைப் போடுங்கள் என்று ஒருமுறை சொல்லி வைத்தாலே பெரும்பாலும் இந்தச் சிக்கல் வராது. ஒன்றரை மணித்தியாலத் தாமதம் பாண்காரருக்குச் சின்ன விடயம். அந்த வீட்டுக்கு அப்படியல்ல.

கிளினிக் நாளில் எல்லாமே தலைகீழ். நம்பர் எடுப்பதற்காக விடியமுன்னர் வீட்டை விட்டு வெளிக்கிடுவார்கள். இரத்தப் பரிசோதனை இருந்தால் வெறும் வயிறு. மத்தியானம் களைத்துத் திரும்பினால் பின்னேரம் முழுக்கப் படுக்கை. அன்று கிளினிக் செல்லும் வீட்டுக்கு மீன்காரர் காலையில் போவதில் பயனில்லை.

வயதோடு உடலின் உள் மணிக்கூடும் முன்னுக்கு நகரும். எட்டு மணிக்கே நித்திரை வரும், மூன்று நான்கு மணிக்கு விழிப்பு வந்துவிடும். ஆனால் போரைக் கண்டவர்களிடம் இதற்கு நேரெதிரும் உண்டு. இரவெல்லாம் பழையவை வந்து போக, விடியப்புறம்தான் கண் அயரும். அப்படியானவரின் வீட்டு வாசலில் ஆறு மணிக்கு ஹோர்ன் அடிப்பவருக்குக் கிடைப்பது மௌனம்தான்.

கனடாவில் மணி மாறினால்

இதைப் பலர் கவனிப்பதில்லை. இலங்கையில் 2006க்குப் பிறகு மணிக்கூடு அசையவில்லை. ஆனால் நமது முதியவர்கள் பலரின் மணிக்கூடு வருடத்துக்கு இரண்டு முறை இன்னமும் அசைகிறது, பிள்ளைகள் இருக்கும் நாட்டால்.

ரொறன்ரோவில் இருக்கும் மகன் இரவு ஒன்பது மணிக்கு, பிள்ளைகளைப் படுக்க வைத்துவிட்டு அம்மாவுக்கு எடுக்கிறார். கோடையில் அது இங்கே காலை 6.30. நவம்பர் முதல் ஞாயிற்றுக்கிழமை கனடாவில் மணிக்கூட்டைப் பின்னுக்கு வைத்த பிறகு அதே அழைப்பு இங்கே 7.30க்கு வரும். மார்ச் இரண்டாவது ஞாயிறு மட்டும் அப்படித்தான். அந்த நாலு மாதமும் அம்மா ஏழரைக்கு முன்னர் கேற்றடிக்கு வரமாட்டா. அழைப்பைத் தவறவிட அவவுக்கு மனம் வராது. ஏழு மணிக்கு வந்து போகும் மீன்காரருக்கு நவம்பரில் ஒரு வாடிக்கையாளர் "காணாமல்" போவது இதனால்தான்.

லண்டன் என்றால் இது இரவுப் பிரச்சினை. அங்கே வேலை முடிந்து மாலை ஆறு மணிக்கு மகள் கதைத்தால், கோடையில் இங்கே இரவு 10.30, குளிர்காலத்தில் 11.30. ஐரோப்பாவில் மாற்றம் வருவது மார்ச், ஒக்டோபர் கடைசி ஞாயிறுகளில். இரவு பன்னிரண்டு மட்டும் விழித்திருந்த தகப்பனார் அடுத்த நாள் சலூனுக்குக் காலையில் வருவார் என்று எதிர்பார்க்க முடியாது. சிட்னிக்காரரின் இரவு எட்டு மணி இங்கே பிற்பகல் 3.30, அங்கே கோடை நேரம் நடக்கும்போது 2.30. அந்த வீடுகளில் பின்னேர வேலைதான் தள்ளிப்போகும்.

பொழுதுபட்ட பிறகு

2006 ஜனவரி 2ஆம் திகதி மாலை, காந்தி சிலையருகே கடற்கரையில் இருந்த ஐந்து மாணவர்கள் கொல்லப்பட்டார்கள். அதே வருடம் ஏப்ரல் 12ஆம் திகதி மரக்கறிச் சந்தையருகே குண்டு வெடித்து, அதன் பின் தமிழர் கடைகள் எரிக்கப்பட்டன. நகரத்தில் அன்று வாழ்ந்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. இருள முன்னர் வீடு சேர வேண்டும் என்ற கணக்கு அந்தத் தலைமுறையின் உடம்பில் இருக்கிறது. 2009 ஒக்டோபர் 20இல் 396 மீற்றர் நீளக் கிண்ணியாப் பாலம் திறக்கப்பட்டு, படகுப்பாதைக்குக் காத்திருந்த காலம் போய்விட்டது. இரவு பத்து மணிக்கும் நகரில் இருந்து கிண்ணியாவுக்குப் போகலாம். ஆனால் வழி திறந்தவுடன் பழக்கம் திறந்துவிடாது. ஆறரை மணிக்கு முதியவரை வரச்சொல்லிவிட்டு அவர் வரவில்லை என்று குறைப்படுவதில் நியாயமில்லை. இருட்டில் வீட்டுக்குச் சாமான் கொண்டுபோக நேர்ந்தால், முதலில் தொலைபேசியில் சொல்லிவிட்டு, கேற்றடியில் நின்று பெயரைச் சொல்லிக் கூப்பிட வேண்டும். மோட்டார் சைக்கிள் சத்தமும் பேசாமல் தட்டும் கையும் சிலருக்கு வேறொரு இரவை ஞாபகப்படுத்தும்.

கிண்ணியா, மூதூர்ப் பக்கம் நோன்பு மாதத்தில் நாள் முழுவதும் புரண்டுவிடும்: ஸஹருக்கு எழும்பி, லுஹர் வரை ஓய்ந்து, தராவீஹுக்குப் பிறகு கடைக்கு வருவார்கள். நோன்பு ஒவ்வொரு வருடமும் ஏறத்தாழ 11 நாள் முன்னுக்கு வருவதால், 2030இல் ஜனவரியிலும் டிசெம்பரிலும் என இரு முறை தொடங்கும். கஞ்சிக்காரர்கள் மாரி மழையையும் கணக்கில் எடுக்க வேண்டி வரும். மார்கழியில் திருவெம்பாவைக் காலத்தில் கோயிலுக்குப் போகும் ஆச்சிமாருக்கு நாள் நாலு மணிக்கே தொடங்கிவிடும். கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில் பத்து மணிக்கும் நாலு மணிக்கும் இடையில் முதியவர் எவரையும் வெளியே எதிர்பார்க்க வேண்டாம்.

எப்படிக் கேட்பது

"எத்தனை மணிக்கு வந்தால் வசதி?" என்று கேட்காதீர்கள். "எப்ப வந்தாலும் சரி, தம்பி" என்ற பதில்தான் கிடைக்கும். அது மரியாதைப் பேச்சு. அதற்குப் பதிலாக, "ஆச்சி, காலமைக் குளிசை எத்தினை மணிக்குப் போடுறனீங்க? மகன் எத்தினை மணிக்குக் கதைக்கிறவர்? அடுத்த கிளினிக் எப்ப?" என்று கேட்டால் மூன்று உண்மையான நேரங்கள் கிடைக்கும். கடன் எழுதும் கொப்பியிலேயே பெயருக்குப் பக்கத்தில் குறித்துக்கொள்ளலாம்.

பிறகு வீடுகளை இரண்டாகப் பிரிக்க வேண்டும்: நேரம் தவறக் கூடாத வீடுகள், முன்பின் ஆகலாம் என்ற வீடுகள். நாற்பது வீட்டுக்குப் பாண் கொடுப்பவருக்கு முதல் வகையில் ஐந்தாறுதான் இருக்கும். அந்த ஐந்தாறையும் முதலில் முடிக்க ஒரு கிலோமீற்றர் கூடுதலாக ஓட வேண்டி வந்தாலும் அது வீண் செலவாகாது. அந்த வீடுகள் இன்னொரு வண்டிக்கு மாறா. சலூன்காரர்கள் வார நாளில் பத்து முதல் பதினொன்றரை வரை ஒரு கதிரையை வயதானவர்களுக்கென்று ஒதுக்கலாம். இளைஞர்கள் அந்த நேரம் வருவதில்லை. முடிவெட்டி முடிந்ததும் உடனே எழுப்பாமல் ஒரு நிமிடம் இருக்கவிட்டால், பிரஷர்க் குளிசை போடுகிறவர் தலைசுற்றி விழமாட்டார்.

கொடுப்பனவு நாட்களைத் தனியாகக் குறிக்க வேண்டும். 70 வயதைக் கடந்தவர்களுக்கான முதியோர் கொடுப்பனவு 2025 ஏப்ரலில் 3000 ரூபாவில் இருந்து 5000 ஆக்கப்பட்டது. அந்த நாளில் ஒரே வீதியில் இருந்து நாலு பேர் ஒரே நேரத்தில் ஓட்டோ கேட்பார்கள். முதல் நாளே பேசி ஒன்றாக ஏற்றினால் அவர்களுக்கும் காசு மிச்சம்.

இங்கே ஒரு எச்சரிக்கை. யார் தனியே இருக்கிறார், எந்த நாளில் கையில் காசு இருக்கும், எந்த நேரம் வீடு பூட்டிக் கிடக்கும் என்பதெல்லாம் அந்தக் கொப்பியில் சேர்ந்துவிடும். திருடனுக்கு அதைவிட நல்ல சாமான் இல்லை. குறிப்புகளைத் தனக்கு மட்டும் விளங்கும் அடையாளங்களில் எழுதுவதும், தேநீர்க் கடையில் அவற்றைக் கதைக்காமல் இருப்பதும் கட்டாயம்.

ஒருமுறை எழுதிய நேரம் வருடம் முழுவதும் செல்லாது. மார்ச், ஒக்டோபர் கடைசி, நவம்பர் தொடக்கம், நோன்பின் முதல் நாள், கச்சான் தொடங்கும் காலம் ஆகியவற்றில் திரும்பக் கேட்க வேண்டும். 2020 மார்ச் ஊரடங்கில் கிளினிக் மருந்துகளே தபாலில் வீட்டுக்கு வந்தன. அப்போது மாறிய பழக்கங்களில் இருந்து சில வீடுகள் இன்னும் பழைய நிலைக்குத் திரும்பவில்லை.

நேரம் மாறியதற்குக் காரணம் எதுவும் தெரியாமல், வழக்கமாக வருகிறவர் இரண்டு நாள் வரவில்லை என்றால், மூன்றாம் நாளுக்குக் காத்திருக்க வேண்டாம். கேற்றடியில் பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள். பதில் இல்லையென்றால் பக்கத்து வீட்டைக் கேளுங்கள், அவர்களுக்கும் தெரியாவிட்டால் கிராம சேவகருக்கு அறிவியுங்கள். உள்ளே முனகல் கேட்டால் முதலில் 1990.