தண்ணீர் தந்த பெண்ணுக்கு ஒரு மண்டபம்!

புதுச்சேரிக்குப் போகிறவர்கள் கடற்கரையைப் பார்க்காமல் திரும்புவது இல்லை.

மாலை வந்ததும் குடும்பம் குடும்பமாக அங்கே கூடிவிடுகிறார்கள். பெரியவர்கள் காற்று வாங்குகிறார்கள். பிள்ளைகள் சுண்டல் கேட்டு அடம் பிடிக்கிறார்கள். காந்தி சிலைக்கு முன்னால் நின்று படம் எடுத்துக் கொள்ளாதவர் யார்?

ஆனால் சிலைகளைப் பார்க்கும் நாம், அவற்றைப் பற்றி யோசிப்பது இல்லை. ஒரு சிலை தானாக முளைத்து விடாது. யாரோ ஒருவர் "இவருக்குச் சிலை வேண்டும்" என்று முடிவு செய்தார். யாரோ ஒருவர் இடம் காட்டினார். யாரோ ஒருவர் பணம் கொடுத்தார்.

ஒரு ஊர் சிலை வைக்கும்போது மூன்று கேள்விகளுக்குப் பதில் சொல்லியாக வேண்டும்.

யாருக்கு வைப்பது? எங்கே வைப்பது? வைத்த பிறகு யார் காப்பாற்றுவது?

இந்த மூன்று கேள்விகளுக்கும் புதுச்சேரியில் பதில் இருக்கிறது. வாருங்கள், ஒரு சுற்று சுற்றி வருவோம்.

இடிந்தது வீடு, பிறந்தது குளம்!

கடற்கரைக்குப் பக்கத்திலேயே பாரதி பூங்கா இருக்கிறது. ஒரு புறம் கவர்னர் மாளிகை. இன்னொரு புறம் சட்டசபை. பூங்காவின் நடுவே பால் போல வெள்ளை வெளேர் என்று ஒரு மண்டபம் நிற்கிறது. அதன் பெயர் ஆயி மண்டபம்.

ஆயி யார்? ராணியா? இல்லை. கவர்னரின் மனைவியா? அதுவும் இல்லை.

ஆயி ஒரு தாசி!

அவளைப் பற்றி வழிவழியாக வரும் கதை இது. விஜயநகர மன்னர் கிருஷ்ணதேவராயர் ஒரு நாள் இந்தப் பக்கமாக வந்தார். இருட்டில் ஒரு பெரிய மாளிகை விளக்கு வெளிச்சத்தில் ஜொலித்தது. கோவில் என்று நினைத்துக் கை எடுத்துக் கும்பிட்டு விட்டார். "அது கோவில் இல்லை, அரசே! தாசியின் வீடு!" என்று பக்கத்தில் இருந்தவர்கள் சொன்னார்கள். மன்னருக்கு அவமானமாகப் போய்விட்டது. "இடித்துத் தள்ளுங்கள் வீட்டை!" என்று கட்டளை போட்டார்.

(மன்னர் அல்ல, அவருடைய மந்திரிதான் வந்தார் என்று சொல்கிறவர்களும் உண்டு.)

ஆயி அழுது புரளவில்லை. "நானே இடித்து விடுகிறேன். அந்த இடத்தில் ஊருக்கு ஒரு குளம் வெட்ட அனுமதி கொடுங்கள்" என்று கேட்டாள். அனுமதி கிடைத்தது. வீடு போன இடத்தில் தண்ணீர் வந்தது. ஊரின் மேற்கே உள்ள முத்திரையர்பாளையத்தில்தான் அந்தக் குளம் வெட்டப்பட்டது என்கிறார்கள்.

காலம் ஓடியது. புதுச்சேரி பிரெஞ்சுக்காரர்கள் கைக்கு வந்தது. கடலை ஒட்டிய ஊர். கண்ணுக்கு எட்டிய தூரம் தண்ணீர். ஆனால் குடிக்க நல்ல தண்ணீர் இல்லை!

அப்போது பிரான்சை ஆண்டவர் மூன்றாம் நெப்போலியன். 1852 முதல் 1870 வரை அவர் சக்கரவர்த்தி. அவர் காலத்தில் லமரெஸ் என்ற இஞ்சினீயர் முத்திரையர்பாளையத்து நீரை வாய்க்கால் வழியாக நகருக்குக் கொண்டு வந்தார். நல்ல தண்ணீரை ஊர் கண்டது. அந்த நீருக்கு மூலகாரணம் ஆயி என்ற பெண் என்று கேள்விப்பட்ட சக்கரவர்த்தி, அவள் பெயரால் மண்டபம் கட்டச் சொன்னார் என்பது கதை.

கதையில் எவ்வளவு சரித்திரம், எவ்வளவு கற்பனை என்று பிரித்துச் சொல்வது கடினம். ஆனால் தண்ணீர் வந்தது உண்மை. மண்டபம் நிற்பதும் உண்மை.

இன்னொன்றும் உண்மை. புதுச்சேரியை எத்தனையோ கவர்னர்கள் ஆண்டார்கள். அவர்களில் ஒருவர் முகம்கூட இன்று அரசாங்க முத்திரையில் இல்லை. முத்திரையில் இருப்பது ஆயி மண்டபம்தான்!

இடம் மாறிய கவர்னர்

கடற்கரைச் சாலையின் தென்கோடிக்குப் போவோம். அங்கே பூங்காவில் ஒரு வெண்கலச் சிலை நிற்கிறது. உயரம் 2.88 மீட்டர். அதாவது, சுமார் ஒன்பதரை அடி. காலில் பூட்ஸ். முகத்தில் மிடுக்கு. அவர்தான் டூப்ளே.

1742 முதல் 1754 வரை புதுச்சேரியின் கவர்னராக இருந்தவர் அவர். இந்தியாவில் பிரெஞ்சு சாம்ராஜ்யம் அமைக்கக் கனவு கண்டார். 1748-ல் ஆங்கிலேயர் ஊரை முற்றுகை போட்டபோது விரட்டி அடித்தார்.

ஆனால் அதே முற்றுகையின்போதுதான் வேதபுரீஸ்வரர் கோவில் இடிக்கப்பட்டது. டூப்ளேயிடம் துபாஷாக இருந்த ஆனந்தரங்கப் பிள்ளை அதைத் தம் நாட்குறிப்பில் எழுதி வைத்திருக்கிறார். ஊர் மக்கள் பட்ட வேதனை அந்தப் பக்கங்களில் தெரிகிறது.

1754-ல் டூப்ளேயைப் பிரான்சுக்குத் திரும்ப அழைத்து விட்டார்கள். 1763-ல் அவர் வறுமையில் இறந்தார். அவர் இறந்து நூறு வருஷத்துக்குப் பிறகு, 1870-ல், பழைய கடல் பாலத்துக்கு எதிரே அவருக்குச் சிலை வைத்தார்கள். கப்பலில் இருந்து இறங்குகிறவர் கண்ணில் முதலில் அவர்தான் பட வேண்டும்!

1954 நவம்பர் 1-ந்தேதி புதுச்சேரி நிர்வாகம் இந்தியாவிடம் வந்தது. 1962 ஆகஸ்டு 16-ந்தேதி சட்டப்படியும் இணைந்தது. இனி டூப்ளேயை என்ன செய்வது?

வேறு ஊர்களில் இப்படிப்பட்ட சிலைகளை உடைத்தது உண்டு. புதுச்சேரி உடைக்கவில்லை. முன்வாசலில் இருந்து எடுத்து, ஒரு ஓரமாகப் பூங்காவில் நிறுத்தி விட்டது. "நீங்கள் இந்த ஊர்ச் சரித்திரத்தில் இருந்தீர்கள். அதை மறைக்க மாட்டோம். ஆனால் வாசலில் நிற்க வேண்டியவர் நீங்கள் அல்ல" என்று சொல்வது போல இருக்கிறது.

அப்படியானால் வாசலில் நிற்க வேண்டியவர் யார்?

காந்தி வந்தார்

1934 பிப்ரவரி 17-ந்தேதி காந்தியடிகள் புதுச்சேரிக்கு வந்தார். ஒதியஞ்சாலைத் திடலில் பேசினார். அப்போது ஊர் பிரெஞ்சு ஆட்சியில் இருந்தது.

இன்று கடற்கரையின் நடுநாயகமாக நிற்பது அவருடைய சிலைதான். கையில் தடி. வேகமாக நடக்கும் தோற்றம். சுற்றிலும் வேலைப்பாடு நிறைந்த எட்டுக் கருங்கல் தூண்கள். எதிர்ப்புறத்தில் நேரு சிலை.

அந்தத் தூண்கள் செஞ்சியில் இருந்து வந்தவை. 1750-ல் செஞ்சிக் கோட்டை பிரெஞ்சுக்காரர் வசமானது. யாரோ ஒரு மன்னன் காலத்தில், யாரோ பெயர் தெரியாத சிற்பிகள் செதுக்கிய தூண்கள்! அவை இன்று அரைத்துணி கட்டிய கிழவருக்குக் காவல் நிற்கின்றன.

சிலைக்கு எதிரே நடந்தால் இன்னொரு சின்னம். தலை குனிந்து நிற்கும் ஒரு சிப்பாய். முதல் உலக யுத்தத்தில், 1914 முதல் 1918 வரை, பிரான்சுக்காகப் போராடி மடிந்த பிரெஞ்சிந்திய வீரர்களுக்கான நினைவுச் சின்னம் அது. 1938 ஏப்ரல் 3-ந்தேதி திறந்து வைக்கப்பட்டது.

அந்தச் சிப்பாய் துப்பாக்கியை நீட்டிக் கொண்டு நிற்கவில்லை. வெற்றி முழக்கம் செய்யவில்லை. தோழர்களுக்காகத் தலை குனிந்து நிற்கிறான். அதனால்தான் ஆட்சி மாறியும் அவன் இடம் மாறவில்லை. ஒவ்வொரு ஆண்டும் ஜூலை 14-ந்தேதி, பிரெஞ்சு தேசிய தினத்தில், விளக்கு அலங்காரத்தோடு அங்கே அஞ்சலி செலுத்துகிறார்கள். பிள்ளையைப் பறிகொடுத்த தாயின் துக்கத்துக்குக் கொடி ஏது?

இடமும் பேச வேண்டும்

யாருக்கு என்பது முடிவானால் போதாது. எங்கே என்பதும் முக்கியம்.

சென்னை மெரீனாவில் உழைப்பாளர் சிலையைப் பார்த்திருப்பீர்கள். நான்கு தொழிலாளர்கள் ஒரு பாறையை நெம்புகிறார்கள். தேவி பிரசாத் ராய் சௌத்ரி செய்த சிலை அது. 1959 ஜனவரி 25-ந்தேதி திறக்கப்பட்டது. அதே கடற்கரையில்தான் 1923-ல் சிங்காரவேலர் மே தினம் கொண்டாடினார். இடமும் சிலையும் ஒரே கதையைச் சொல்கின்றன!

இடம் தவறினால்? சிலை போக்குவரத்துக்கு இடைஞ்சல் ஆகிவிடும். நாற்சந்திக்கு நாற்சந்தி சிலைகள் பெருகியதால், 2013-ல் சுப்ரீம் கோர்ட்டு ஓர் உத்தரவு போட்டது. சாலைகளிலும் நடைபாதைகளிலும் புதிய சிலை வைக்க மாநில அரசுகள் அனுமதி கொடுக்கக் கூடாது என்பது அந்த உத்தரவு.

கடற்கரை ஊருக்கு இன்னொரு கவலை. இன்றைக்கு இருக்கும் கரை நாளைக்கு இருக்குமா? புதுச்சேரியின் கடல் பாலம் 1952 புயலில் போய்விட்டது. பிறகு துறைமுகத்துக்காகக் கடலுக்குள் கல் சுவர் கட்டினார்கள். மணலின் ஓட்டம் தடைப்பட்டது. நகரத்தின் முன்னால் இருந்த மணல் பரப்பைக் கடல் தின்று விட்டது. கடலுக்கு அடியில் ஒரு தடுப்பு அமைத்த பிறகு, 2018-க்குப் பின் தலைமைச் செயலகத்தின் எதிரே மணல் மெல்லத் திரும்பி வந்தது. கரையில் எதை வைப்பதானாலும் கடலையும் கலந்து ஆலோசிக்க வேண்டும்!

உப்புக் காற்று சும்மா விடாது

வெண்கலச் சிலை எப்படிப் பிறக்கிறது தெரியுமா?

முதலில் சிற்பி களிமண்ணில் ஒரு சின்ன மாதிரி செய்வார். "மூக்கு சரி இல்லை, கை நீண்டு விட்டது" என்றெல்லாம் குறை சொல்ல வேண்டிய நேரம் அதுதான். மாதிரி பிடித்துப் போனால் முழு உருவம். பிறகு அச்சு. பிறகு மெழுகு. மெழுகு உருகி ஓடிய இடத்தில் உருக்கிய உலோகத்தை ஊற்றுவார்கள். கும்பகோணத்துக்குப் பக்கத்தில் சுவாமிமலை ஸ்தபதிகள் காவிரி வண்டலைப் பூசி அச்சு எடுப்பதும் இந்த வழிதான்.

ஆனால் கடற்கரையில் வைத்த மறுநாளே உப்புக் காற்று வேலையை ஆரம்பித்து விடும். வெண்கலத்தில் செம்பு இருப்பதால் பச்சை பிடிக்கும். சிமெண்டுச் சிலையில் ஆபத்து உள்ளே இருக்கிறது. உள்ளே இருக்கும் இரும்புக் கம்பி துருப்பிடித்துப் பருத்துவிடும். மேலே சிமெண்டு வெடித்து உதிரும். மலிவு என்று சிமெண்டுச் சிலை வைத்த ஊர்கள், பிறகு வருத்தப்படுகின்றன.

கன்னியாகுமரியில் கடலுக்கு நடுவே நிற்கும் வள்ளுவரைப் பாருங்கள். கணபதி ஸ்தபதி கருங்கல்லில் எழுப்பிய சிலை. 2000 ஜனவரி 1-ந்தேதி திறந்தார்கள். மொத்தம் 133 அடி. குறளின் அதிகாரங்களும் 133. பீடம் 38 அடி. அறத்துப்பாலில் 38 அதிகாரம். சிலை 95 அடி. மற்ற இரண்டு பாலும் சேர்ந்து 95 அதிகாரம். எவ்வளவு யோசித்துத் திட்டம் போட்டிருக்கிறார்கள்!

2004 சுனாமியையும் அந்தச் சிலை தாங்கி நின்றது. அதற்கும் பராமரிப்பு உண்டு. காகிதக் கூழைப் பூசிக் கல்லில் ஊறிய உப்பை உறிஞ்சி எடுக்கிறார்கள். பிறகு ரசாயனப் பூச்சு பூசுகிறார்கள். சில வருஷங்களுக்கு ஒரு முறை இந்த வேலை நடக்க வேண்டும். கருங்கல்லுக்கே இந்தக் கவனிப்பு என்றால், மற்றதுக்குச் சொல்ல வேண்டுமா?

திறப்பு விழாவுக்கு மாலை வாங்கப் பணம் இருக்கும். பத்தாவது வருஷம் கழுவித் துடைக்கப் பணம் இருக்காது. அதனால் முதல் நாளே அந்தச் செலவையும் கணக்கில் எழுதிவிட வேண்டும்.

நூற்றுக்கு ஒன்று

பணத்துக்கு எங்கே போவது? புதுச்சேரியை ஆண்ட பிரான்சு இதற்கு ஒரு வழி கண்டுபிடித்தது. 1951 முதல் அங்கே ஒரு ஏற்பாடு. அரசாங்கம் பள்ளிக்கூடம் கட்டினால், கட்டடச் செலவில் நூற்றுக்கு ஒரு பங்கைக் கலைக்கு ஒதுக்க வேண்டும். அந்தப் பணத்தில் ஒரு சிற்பமோ, ஒரு சுவர்ச் சித்திரமோ அந்தப் பள்ளிக்கூடத்திலேயே இடம் பெறும். பிறகு மற்ற அரசாங்கக் கட்டடங்களுக்கும் அது பரவியது.

லட்ச ரூபாய்க்கு ஆயிரம் ரூபாய். வீடு கட்டுகிறவன் வாசலில் கோலம் போட ஒதுக்குவது போலத்தான்!

உங்கள் ஊரிலும் நாளைக்கு ஒரு சிலைக் கமிட்டி அமையலாம். நன்கொடைச் சீட்டோடு உங்கள் வீட்டு வாசலுக்கு வரலாம். கொடுக்கலாம், தாராளமாகக் கொடுங்கள். ஆனால் கொடுக்கும் முன் மூன்று கேள்வி கேளுங்கள். யாருக்கு? எங்கே? யார் காப்பாற்றுவது? கேட்பது உங்கள் உரிமை. இடம் ஊருடையது, பணம் உங்களுடையது.

அடுத்த முறை புதுச்சேரிக்குப் போனால் கடற்கரையோடு திரும்பி விடாதீர்கள். ஐந்து நிமிஷம் நடந்து பாரதி பூங்காவுக்கும் போங்கள். வெள்ளை மண்டபத்தைப் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள்.

"இது யாருக்குக் கட்டியது?" என்று அவர்கள் கேட்பார்கள்.

"வீட்டை இடி என்றார்கள். அவள் குளம் வெட்டினாள்" என்று சொல்லுங்கள். அவர்களுக்குப் புரியும்.