நன்னூல் விதியும் ஹாஸ்கல் வரியும்

மணி, அடித்தது இரண்டும் சேர்ந்தால் மணியடித்தது. பலா, இலை சேர்ந்தால் பலாவிலை. இ, ஈ, ஐ ஈற்றுச் சொல்லின் பின் உயிர் வந்தால் நடுவே யகரம் தோன்றும். மற்ற உயிர்களுக்கு வகரம். ஏகாரத்துக்கு இரண்டும் உண்டு. பவணந்தி முனிவர் 13ஆம் நூற்றாண்டில் நன்னூலில் வகுத்த விதி இது. அவர் ஊர் சனகை என்கிறது பாயிரம். பெருந்துறையை அடுத்த சீனாபுரமே அது என்பது கொங்கு நாட்டு வழக்கு.

ஹாஸ்கல் போன்ற சார்புநிரல் (functional) கணினி மொழிகளுக்காகவே எழுதியதுபோல் இருக்கிறது இந்த விதி. அங்கே 'இந்த வடிவம் வந்தால் இதைச் செய்' என்று வரிவரியாக எழுதுவோம். வந்த தரவு முதலில் எந்த வரியோடு பொருந்துகிறதோ அதுவே இயங்கும். மேலிருந்து கீழாகப் பார்ப்பதால் ஏகார வரியை 'மற்ற உயிர்' வரிக்கு மேலே ஏற்றவேண்டும், அவ்வளவுதான்.

ஆனால் எழுத்து கணினியில் கிடக்கும் விதமே வேறு. ஒருங்குறியில் 'பல' என்பது ப, ல என்ற இரண்டே குறியீடுகள். ஈற்று அகரம் எங்கும் பதிவாவதில்லை. புள்ளிக்குத் தனிக் குறியீடு இருப்பதால் 'பல்' மூன்றாகிறது. இலக்கணத்திலோ 'பல' நான்கு ஒலி, 'பல்' மூன்று. குறியீடுகளை அப்படியே பொருத்தினால் பவணந்தி சொன்ன உயிரீறு அகப்படாது.

இப்படிப்பட்ட சிக்கலுக்குத்தான் 1987இல் கணினி அறிவியலாளர் ஃபிலிப் வாட்லர் 'வியூஸ்' என்ற வழியை முன்வைத்தார். தரவு எப்படியும் சேமிக்கப்பட்டிருக்கட்டும். பொருத்தும் வேளையில் அதை வேண்டிய வடிவில் காட்டினால் போதும். அவ்வழியில் 'ல' வந்தால் ல், அ என இரண்டாகத் தெரியும். எஃப் ஷார்ப், ஹாஸ்கல் ஆகிய இரு மொழிகளிலும் இக்கருத்து பின்னர் வெவ்வேறு உருவில் இடம்பெற்றது.

குறுகி ஒலிக்கும் ஈற்று உகரமான குற்றியலுகரம் இன்னும் நுட்பமானது. காடு, எல்லாம் சேர்ந்தால் காடெல்லாம், உகரம் போய்விடுகிறது. பசுவோ பசுவெல்லாம் ஆகிறது. இரண்டிலும் ஈறு வல்லின உகரம்தான். பசுவில் அதற்கு முன் நிற்பது தனிக்குறில். அதனால் அது முற்றியலுகரம். ஆக, ஈற்றை மட்டும் பார்த்துத் தீர்ப்புச் சொல்ல முடியாது. 2014இல் ஹாஸ்கலின் ஜிஎச்சி தொகுப்பி, 7.8 பதிப்பில், வடிவங்களுக்கு நாமே பெயர் சூட்டும் வசதியைத் தந்தது. இந்தச் சோதனை முழுவதையும் 'குற்றியலுகரம்' என்ற ஒரே பெயருக்குள் வைத்து, வேண்டிய விதியிலெல்லாம் எழுதலாம். பவணந்திக்கும் முந்தைய கலைச்சொல் நிரலில் அப்படியே இயங்குவது எனக்குப் பெருவியப்பு.

கோ, இல் சேர்ந்தால் விதிப்படி கோவில். கோயில் என்றும் வழங்குகிறோம். அதற்கு எல்லா விதிகளுக்கும் மேலே தனி வரி வேண்டும்.